உள்ளங்கையில் ஒரு பேரரசு
(உரோமப் பேரரசின் வெள்ளிக் காசுகளைத் தொகுத்தலும் தெளிதலும் குறித்து, இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகச் சொல்லையே ஆய்ந்துவரும் இந்த அவையில் காசைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கவிஞர்க்கும் காசுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் புன்னகைப்பது தெரிகிறது. நான் நாணயவியலில் பட்டம் பெற்றவள் அல்லள், இலக்கியம் கற்பிப்பவள். எனினும் இப்பொருளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தமிழ் மேடைகளில் சங்க இலக்கியம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், 'உரோமக் காசுகள் நம் மண்ணில் குவியல் குவியலாகக் கிடைத்துள்ளன' என்று பெருமிதத்துடன் கூறுகிறோம். கையொலியும் எழுகிறது. ஆனால் அக்காசுகள் யாருடையவை, எந்த உலோகத்தால் ஆனவை, அவற்றின்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. சான்றாகக் காட்டுகிறோம், படிப்பதில்லை. படிக்கப்படாத சான்று வெறும் அணிகலன் ஆகிவிடுகிறது. காசு என்பது ஒரு பனுவல். அதனைப் படிக்கும் முறையையும், அது சொல்லைப் பற்றி நமக்குக் கற்பிப்பதையும், அது நம் கைக்கு வரும்போது நமக்குள்ள கடமையையும் இயன்றவரை சுருக்கமாகச் சொல்ல விழைகிறேன்.

தெனாரியம்: பெயரும் பொருளும்

உரோமரின் தலையாய வெள்ளிக் காசுக்குத் தெனாரியஸ் என்று பெயர். தமிழில் தெனாரியம் என வழங்கலாம். மத்தேயு நற்செய்தியில் திராட்சைத் தோட்டக் கூலியாள் ஒருவன் ஒரு நாளைக்குப் பெற்ற கூலி இக்காசு ஒன்றே. பழைய தமிழ் விவிலியம் அதனைப் 'பணம்' என மொழிபெயர்த்தது. பின்னர் வந்த பொது மொழிபெயர்ப்பு 'தெனாரியம்' என்றே வைத்துக்கொண்டது.

இக்காசு கி.மு. 211 அளவில், கார்த்தேசு நகரத்தாரோடு நிகழ்ந்த இரண்டாம் போரின் நெருக்கடிக் காலத்தில் தோன்றியது. பத்து 'ஆஸ்' என்னும் செப்புக் காசுகளுக்கு ஈடானது ஆதலின், பத்தைக் குறிக்கும் சொல்லடியாக அப்பெயர் பெற்றது. பின்னர் அதன் மதிப்பு 16 ஆஸ் ஆனது; பெயர் மட்டும் மாறவில்லை. பேரரசுக் காலத்தில் 4 செஸ்டர்ஸ் கொண்டது ஒரு தெனாரியம். 25 தெனாரியம் கொண்டது 'அவுரியஸ்' என்னும் ஒரு பொற்காசு. அகஸ்டஸ் காலத்தில் படைவீரன் ஒருவனின் ஆண்டு ஊதியம் 225 தெனாரியம்.

சொற்களின் வழித்தடத்தை ஆராய்வோர்க்கு இப்பெயர் ஒரு விருந்து. வடமொழியில் குப்தர்களின் பொற்காசுக்கு வழங்கிய 'தீநாரம்', அரபு நாட்டு 'தினார்', இசுபானியர் பணத்தைக் குறிக்கும் 'தினெரோ' ஆகிய யாவும் இதன் வழிவந்தவை. ஆங்கிலேயர் 1971 வரை பென்னிக்கு 'டி' என்னும் எழுத்தை அடையாளமாக எழுதியதும் இப்பெயரின் முதலெழுத்தை ஒட்டியே. வெள்ளி உருகிப்போகலாம், சொல் உருகுவதில்லை.

அளவில் இது மிகச் சிறியது. குறுக்களவு ஏறத்தாழ 18 மில்லிமீட்டர்; இன்றைய ஒரு ரூபாய்க் காசைவிடச் சிறியது. அகஸ்டஸ் காலத்தில் ஓர் உரோம இறாத்தல் வெள்ளிக்கு 84 காசுகள் அடித்தனர். எனவே ஒரு காசின் எடை 3.9 கிராம் அளவு. நம் வழக்கில் சொன்னால் அரைப் பவுன் எடை. இந்த எடையே காசைத் தெளிவதற்குரிய முதற் கருவி.

தலையும் பூவும்

சிறுவர் காசைச் சுண்டிப் 'பூவா தலையா' என்று கேட்பர். உரோமக் காசுக்கும் இருபக்கம் உண்டு. தலைப்பக்க அச்சினைப் பட்டடையில் பதித்து, அதன்மேல் சூடேற்றிய வெள்ளி வில்லையை வைத்து, மற்றை அச்சினை மேலே பிடித்துச் சம்மட்டியால் அடிப்பர். ஒவ்வொன்றும் கையால் அடிக்கப்பட்டது ஆதலின் ஒரு காசு போல் மற்றொன்று இராது. ஒன்றில் உருவம் ஓரத்திற்கு நகர்ந்திருக்கும். மற்றொன்றில் விளிம்பு வெடித்திருக்கும். இக்குறைகளே அதன் மெய்ம்மைக்குச் சான்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தலைப்பக்கத்தில் பேரரசரின் பக்கவாட்டு முகம் இருக்கும். அதனைச் சுற்றி எழுத்துகள் ஓடும். பெரும்பாலும் இடப்புறத்தின் கீழிருந்து தொடங்கி வலஞ்சுழியாகப் படிக்கவேண்டும். சொற்களுக்கிடையே இடைவெளி இராது. சொற்கள் முழுமையாகவும் இரா. 'உ' என்னும் ஒலிக்கும் 'வ' என்னும் ஒலிக்கும் ஒரே வரிவடிவம். புள்ளியிடாத ஏட்டுச்சுவடியைப் படித்துப் பழகியவர்க்கு இஃது அரிதன்று. எகரமா ஏகாரமா, மெய்யா உயிர்மெய்யா என்று சூழல்கொண்டு தெளியும் அதே பயிற்சிதான் இங்கும் வேண்டுவது.

சான்றாகக் கொங்கு நாட்டில் மிகுதியாகக் கிடைத்த டைபீரியசின் காசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தலையில் வாகை சூடிய முகம் வலப்புறம் நோக்கியிருக்கும். சுற்றியுள்ள சுருக்கெழுத்துகளை விரித்தால், 'தெய்வமாகிய அகஸ்டசின் மகன் டைபீரியஸ் சீசர் அகஸ்டஸ்' என்று பொருள்படும். பின்பக்கம் 'தலைமைக் குரு' என்னும் பட்டம்; நடுவே கையில் கிளையும் செங்கோலும் ஏந்தி அமர்ந்த பெண் உருவம். அவளை அமைதித் தெய்வம் என்பாரும், டைபீரியசின் தாய் லிவியா என்பாரும் உளர். வரிகொடுப்பது முறையோ என்று வினவியவர்களிடம், இக்காசில் உள்ள உருவமும் எழுத்தும் யாருடையவை என்று இயேசு திருப்பிக் கேட்டதாக மாற்கு நற்செய்தி கூறும். அன்று காட்டப்பட்டது இவ்வகைக் காசே எனக் கருதுவோர் பலர்.

காலத்தைக் கணிக்கப் பட்டங்கள் உதவும். 'டி.ஆர்.பி.' என்னும் மூன்றெழுத்துச் சுருக்கம் மக்கள் காவலர் அதிகாரத்தைக் குறிக்கும். அவ்வதிகாரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது. ஆதலின் அதனை அடுத்து வரும் எண் ஆட்சியாண்டு போலவே பயன்படும். மார்க்கஸ் அவுரேலியசின் காசில் இச்சுருக்கத்தை அடுத்து 18 என்னும் எண் இருந்தால், அது கி.பி. 163 டிசம்பருக்கும் 164 டிசம்பருக்கும் இடையே அடிக்கப்பட்டது என்று துணியலாம். 'சி.ஓ.எஸ்.' என்பது எத்தனை முறை கான்சல் பதவி வகித்தார் என்பதைச் சொல்லும். செர்மானியம், தாசியம், பார்த்தியம் முதலிய நாடுகளை வென்றதால் பெற்ற விருதுகளும் இடம்பெறும். நம் மெய்க்கீர்த்திகளை வைத்துச் சோழர் கல்வெட்டின் காலத்தை வரையறுக்கிறோம் அல்லவா? முன்னைய மெய்க்கீர்த்தியில் இல்லாத வெற்றி பின்னையதில் சேர்ந்தால் காலம் நகர்ந்தது என்று கொள்கிறோம். முறை ஒன்றே. ஆனால் இங்கு மெய்க்கீர்த்தி முழுதும் ஒரு விரல்நுனியில் அடங்கவேண்டும்.

இவ்வாறு படித்தபின், ஒப்புநோக்குவதற்கு நூல்கள் உள்ளன. மாட்டிங்லி, சிடன்ஹாம் ஆகிய அறிஞர்கள் 1923இல் தொடங்கிய 'உரோமப் பேரரசு நாணயங்கள்' என்னும் பெருந்தொகுதி பத்துப் பகுதிகளாக விரிந்து 1994இல் நிறைவெய்தியது. ஒவ்வொரு வகைக்கும் அது தந்த எண்ணையே இன்றும் உலகெங்கும் ஆளுகின்றனர். அவ்வகைகளை அமெரிக்க நாணயவியல் கழகம் இணையத்திலும் ஏற்றி வைத்துள்ளது. பட்டத்தில் இரண்டு மூன்று எழுத்துகள் தெரிந்தாலே போதும், தேடி அடையலாம்.

பண்புகள் பெண்ணுருக் கொண்ட கதை

கவிஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டியது பின்பக்கம். அங்குத் தெய்வங்களைக் காட்டிலும் மிகுதியாக இடம்பெறுவன பண்புப்பெயர்கள். அமைதி, நேர்மை, நம்பிக்கை, ஒற்றுமை, நலம், நற்பேறு, முன்னறிவு என்னும் கருத்துகள் எல்லாம் பெண்ணுருக் கொண்டு நிற்கின்றன. எழுத்துத் தேய்ந்து போனாலும், கையிலுள்ள பொருளைக் கொண்டு அவளை இன்னாள் என்று தெளியலாம். துலாக்கோல் ஏந்தியவள் நேர்மை. சுக்கானும் வளக்கொம்பும் உடையவள் நற்பேறு. பாம்புக்கு உணவூட்டுபவள் உடல்நலம். ஒலிவக் கிளை ஏந்தியவள் அமைதி. மலர் ஒன்றைக் கையிற் பற்றி, மறுகையால் ஆடையைச் சற்றே உயர்த்தி நடப்பவள் நம்பிக்கை. நம்பிக்கைக்கு மலர்ந்த மலரையன்றி மலரப்போகும் முகையைக் கொடுத்த கற்பனை எண்ணி மகிழத்தக்கது.

ஆனால் இம்மகிழ்ச்சியோடு நின்றுவிடலாகாது. வெஸ்பாசியன் காசுகளில் வேறொரு பெண்ணும் உண்டு. போர்க்கருவிகளைக் கட்டி நிறுத்திய வெற்றிச் சின்னத்தின் அடியில், தலையைக் கையில் தாங்கி அமர்ந்திருக்கிறாள். கீழே 'யூதேயா' என்னும் ஒரு சொல். கி.பி. 70இல் எருசலேம் வீழ்ந்தது, ஆலயம் எரிந்தது. வென்றவர் அடித்த காசில் தோற்ற நாடு அழுகின்ற பெண்ணாக அமர்ந்து, கடைத்தெருவெங்கும் கைமாறிற்று. அமைதியும் ஒரு பெண். அழிவும் ஒரு பெண். இரண்டையும் அடித்தது ஒரே அரசு. உருவகம் யார் கையில் இருக்கிறது என்பதை நாம் கேட்டாகவேண்டும்.

மற்றொரு சான்று கூறுவேன். கி.பி. 96இல் அரியணை ஏறிய நெர்வா, ஒன்றையொன்று பற்றிய இரு கைகளைக் காசில் பொறித்து, 'படைகளின் ஒற்றுமை' என்று எழுதுவித்தார். மறு ஆண்டே அவருடைய மெய்காவல் படை கிளர்ந்தெழுந்து அவரைத் தம் அரண்மனையிலேயே முற்றுகையிட்டது. ஒற்றுமை இருந்ததால் அச்சொல் எழுதப்படவில்லை, இல்லாததால் எழுதப்பட்டது. நாணய ஆராய்ச்சியாளர் இதனை ஒரு விதி போலவே கொள்வர். ஒரு காசு எதனை உரக்கச் சொல்கிறதோ, அதுவே அன்றைய அரசின் கவலை. ஆட்சியாளர் தந்த சொற்களை எழுத்தாளர் எவ்வாறு படிக்கவேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை.

கொங்கு மண்ணில் இரு இளைஞர்

இனி நம் மண்ணுக்கு வருவோம். கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் ஐந்நூறுக்கு மேற்பட்ட தெனாரியங்கள் ஒருங்கே கிடைத்தன. 1891, 1931 ஆகிய ஆண்டுகளிலும் அவ்வூரில் புதையல்கள் வெளிப்பட்டன. கரூரில் 1878இல் ஒரு பெரும் புதையல். உடுமலைப்பேட்டைப் பகுதியைச் சார்ந்த பூதிநத்தத்தில் 1946இல் ஆயிரத்திற்கும் மேற்பட்ட காசுகள். முசிறித் துறையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் நோக்கி வந்த பெருவழியும், படியூரின் பச்சைக்கல்லும் கொடுமணலின் தொழிற்கூடங்களும் இக்காசுகளை ஈர்த்திருக்க வேண்டும் என அறிஞர் கருதுவர். இராபர்ட் சிவெல் 1904இலும், பவுலா டர்னர் 1989இலும் இந்தியாவில் கிடைத்த உரோமக் காசுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர்.

இப்புதையல்களில் இரண்டு வகைகளே விஞ்சி நிற்கின்றன. ஒன்று, முன்னர்க் கூறிய டைபீரியசின் காசு. மற்றொன்று அகஸ்டசின் காசு. அதன் பின்பக்கத்தில் இரண்டு இளைஞர் நீளாடை உடுத்து நிற்பர். அருகே கேடயங்களும் வேல்களும்; மேலே குருமார்க்குரிய அகப்பையும் வளைகோலும். அவர்கள் கையஸ், லூசியஸ் என்னும் அகஸ்டசின் பெயரர், கி.மு. 17இல் அவரால் மக்களாகத் தத்தெடுக்கப்பட்டவர். 'அகஸ்டசின் மைந்தர், வருங்காலக் கான்சல்கள், இளைஞர்தம் தலைவர்' என்று காசு அவர்களை அறிமுகம் செய்கிறது. தலைப்பக்கத்தில் அகஸ்டசுக்கு 'நாட்டின் தந்தை' என்னும் பட்டம் உள்ளது. அப்பட்டம் கி.மு. 2இல் தரப்பட்டது, எனவே காசு அதற்கு முற்பட்டது ஆகாது.

அடுத்து நடந்ததை வரலாறு கூறும். லூசியஸ் கி.பி. 2இல் மசீலியாவில் இறந்தான். கையஸ் போர்ப்புண் பட்டுக் கி.பி. 4இல் லிசியாவில் இறந்தான். அரசுரிமை அவர்களுக்கு வாய்க்கவில்லை, டைபீரியசுக்குச் சென்றது. பாட்டனின் ஆசையைச் சுமந்த அக்காசுகள் கடல்கடந்து, மலைக்கணவாய் கடந்து, நொய்யல் கரையில் ஏதோ ஒரு பானைக்குள் அடங்கின. இரு பெயரர்க்கும் டைபீரியசுக்கும் இடையிலிருந்த அரசுரிமைச் சிக்கல் அறியாமல், மூவரும் ஒரே பானைக்குள் கிடந்தனர். காசைப் படிக்கத் தெரியாத நாம் இத்துணைக் காலம் அதனை 'உரோமக் காசு' என்னும் ஒரே சொல்லால் கடந்து போயிருக்கிறோம்.

இவ்விரு வகைகளையும் பார்த்து நம் நாட்டிலேயே அடித்த போலிகளும் உண்டு. அவற்றில் உருவம் ஒருவாறு அமைந்திருக்கும். எழுத்து மட்டும் எழுத்தாக இராது, கோடும் வட்டமுமாகச் சிதைந்திருக்கும். இலத்தீன் அறியாத கைவினைஞன் எழுத்தை ஓவியமாகக் கண்டு செதுக்கியிருக்கிறான். இப்போலியை இகழ்ந்து ஒதுக்கும் தொகுப்பாளர் உளர். என் கருத்தில், தமிழ் ஆய்வாளர்க்கு உரோமில் அடித்த காசைவிட இப்போலியே அரிய சான்று. உரோமக் காசின் தோற்றத்துக்கு இம்மண்ணில் எத்துணை மதிப்பு இருந்தது என்பதை அதுவே காட்டுகிறது.

வெள்ளி குறைந்தது, சொல் குறையவில்லை

கி.பி. 64இல் நீரோ ஒரு மாற்றம் செய்தார். ஓர் இறாத்தலுக்கு 84 என்று இருந்த காசுகள் 96 ஆயின. எடை 3.4 கிராமாகக் குறைந்தது. தூய வெள்ளியை நெருங்கியிருந்த உலோகத்தில் செம்பு கலந்தது. நீரோவின் புதிய காசில் வெள்ளி ஐந்தில் நான்கு பங்கே என்று அண்மைக் கால ஆய்வுகள் காட்டுகின்றன. செப்டிமியஸ் செவரஸ் காலத்தில், கி.பி. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில், வெள்ளி பாதியளவே. கி.பி. 215இல் கரகல்லா, கதிர்முடி சூடிய தலையுடன் புதுக்காசு ஒன்றை வெளியிட்டார். அஃது இரண்டு தெனாரியங்களின் மதிப்பில் வழங்கியது என்பர். வெள்ளியோ ஒன்றரைக் காசின் அளவே. கி.பி. 270ஐ ஒட்டிய காலத்தில் அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளியும் இல்லை. செம்பின் மேல் வெள்ளிப் பூச்சு மட்டும் மின்னிற்று.

இக்காலம் முழுதும் எழுத்து எப்படி இருந்தது? குறையவில்லை. 'அமைதி', 'வெற்றி', 'வளம்', 'நிலைபேறுடைய உரோம்' என்று பழைய சொற்களே தொடர்ந்தன. உள்ளீடு கரையக் கரையச் சொல் அப்படியே நின்றது. எழுதுவோர் எல்லாரும் தம் மேசைமேல் வைத்துக்கொள்ளத்தக்க எச்சரிக்கை இது. நம் கையிலும் அன்பு, மானுடம், விடுதலை, தமிழ் என்னும் காசுகள் உள்ளன. அவற்றின் எடை குறையாமல் இருக்கிறதா என்று நாம் நிறுத்துப் பார்ப்பதுண்டா?

நிறுத்துப் பார்த்த ஒருவரைப் பற்றிப் பிளினி எழுதியிருக்கிறார். கிளாடியஸ் காலத்தில் காற்றால் அலைப்புண்டு இலங்கையில் ஒதுங்கிய ஒருவனிடம் இருந்த தெனாரியங்களை அந்நாட்டு மன்னன் நோக்கினானாம். முகங்கள் வெவ்வேறு; வெவ்வேறு ஆட்சியாளர் அடித்தவை. எடையோ ஒன்று. அது கண்டு உரோமரின் நேர்மையை வியந்தானாம். எல்லைக்கு அப்பால் இருந்தவர் முகத்தை நம்பவில்லை, எடையை நம்பினர். செர்மானியரும் தமக்கு நெடுநாள் பழக்கமான பழைய காசுகளையே விரும்பி ஏற்றனர் என்று தாசிதஸ் கூறுவார். நீரோவுக்குப் பிற்பட்ட தெனாரியங்கள் தென்னிந்தியாவில் அருகியே கிடைப்பதற்கும் இதுவே காரணம் ஆகலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து.

நம் ஆய்வுக்கு ஒரு வேண்டுகோள்

இங்கு ஓர் இடர்ப்பாடு எழுகிறது. டைபீரியஸ் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டார்; அவர் காசு கொங்கில் கிடைக்கிறது; எனவே சங்கப் பாடல்களின் காலம் அதுவே என்று நம்மில் பலர் எழுதிவிடுகிறோம். அங்ஙனம் துணிதல் பொருந்தாது. ஒரு புதையலில் உள்ள காசுகளுள் காலத்தால் பிந்தியது எதுவோ, அதற்கு முன் அப்புதையல் புதைக்கப்பட்டிருக்க முடியாது என்பது மட்டுமே உறுதி. அதற்குப் பின் பத்தாண்டு கழித்தோ, ஐம்பது ஆண்டு கழித்தோ புதைத்திருக்கலாம். கலப்படத்துக்குப் பின் வணிகர் பழைய நல்ல காசுகளையே பொறுக்கியெடுத்து இங்கு அனுப்பியிருந்தால், நீரோவுக்குப் பிற்பட்ட காலத்திலும் டைபீரியஸ் காசுகளே வந்து இறங்கியிருக்கும். காசின் காலம் வேறு. வந்த காலம் வேறு. புதைத்த காலம் வேறு. பாடலின் காலம் வேறு. இந்நான்கையும் ஒன்றாக்குவது நம் பழைமைக்குப் பெருமை சேர்க்காது. பிறர் நம்மை ஐயுறவே இடம் தரும்.

இன்னொரு சிறு குறிப்பு. யவனர் மரக்கலங்கள் முசிறிக்கு வந்து மிளகு ஏற்றிச் சென்றதைக் கூறும் அகநானூற்று 149ஆம் பாடலில், அவர்கள் கொணர்ந்தது 'பொன்' என்றே உள்ளது. பொற்காசுகளும் இங்கு வந்தன. புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகள் அதற்குச் சான்று. அவற்றுள் பெரும்பாலானவற்றின் முகத்தில் உளியால் வெட்டிய தழும்பு உண்டு. ஏன் வெட்டினர் என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. எனினும் கொங்குப் புதையல்களில் வெள்ளியே மிகுதி. பொன் என்னும் சொல் தமிழில் உலோகப் பொதுப்பெயராகவும் வழங்கியது. ஐம்பொன் என்கிறோம், இரும்பைக் கரும்பொன் என்றும் வெள்ளியை வெண்பொன் என்றும் நிகண்டுகள் சுட்டும். அப்பாடலின் பொன்னுக்குள் வெண்பொன்னும் அடங்குமா என்பது எண்ணத்தக்க வினா. விடையை இன்று நான் துணிந்து கூற வரவில்லை. சொல்லையும் காசையும் அருகருகே வைத்தால்தான் இத்தகைய வினாவே பிறக்கும் என்பதைச் சுட்டுவதே என் நோக்கம்.

தொகுப்போர் கடமை

நம் உறுப்பினருள் பழங்காசு தொகுக்கும் ஆர்வலர் சிலர் உள்ளனர் என்பதை அறிவேன். அவர்களுக்குச் சில சொற்கள்.

முதலாவது, மெய்யும் பொய்யும் அறிதல். வார்ப்பில் செய்த போலிக்காசின் பரப்பில் காற்றுக்குமிழிகளின் நுண்குழிகள் தெரியும், விளிம்பில் இரு பாதிகள் சேர்ந்த தடமோ அதனை மறைக்க அரம் ஓட்டிய தடமோ இருக்கும், எழுத்துகள் மழுங்கியிருக்கும். ஒரே வெடிப்பும் ஒரே நகர்வும் கொண்ட இரு காசுகளைக் கண்டால் ஐயுறுங்கள். கையால் அடித்தவை அவ்வாறு ஒத்திரா. அச்சடித்த போலிகளோ இன்னும் நுட்பமானவை. 1830இல் மறைந்த பெக்கர் என்னும் செர்மானியர் இதில் பெயர்போனவர். புதிதாக அடித்த காசுகளை இரும்புத் தூளும் கொழுப்பும் நிறைந்த பெட்டியில் இட்டு, தம் குதிரைவண்டியில் கட்டி ஊர் சுற்றிப் பழமையேற்றினார் என்பர். உரோமர் காலத்திலேயே செம்பின் மேல் வெள்ளித்தகடு போர்த்திய கள்ளக்காசும் இருந்தது. அதன் போர்வை கிழிந்த இடத்தில் பச்சைக் களிம்பு எட்டிப்பார்க்கும்.

இரண்டாவது, துலக்காதீர்கள். வீட்டு வெள்ளிப் பாத்திரத்தை விபூதி இட்டுத் தேய்ப்பதுபோல் பழங்காசைத் தேய்த்தால், ஈராயிரம் ஆண்டு நின்ற முடிக்கற்றையும் எழுத்தின் கூர்மையும் ஒரு நாழிகையில் போய்விடும். கருமை அதன் முதுமை, இருக்கட்டும்.

மூன்றாவது, மிக இன்றியமையாதது. ஒரு காசு எங்கே, எந்தக் கலத்தில், எந்தக் காசுகளோடு கிடைத்தது என்பதே அதன் பாதிப் பொருள். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இன்று நமக்கு இல்லை. வேறு பல பாடல்கள் அடி சிதைந்து, பாடியவர் பெயரும் பாடப்பட்டவர் பெயரும் இழந்து நிற்கின்றன. அவற்றைக் கண்டு வருந்துகிறோம். நூறு காசு கொண்ட ஒரு புதையலைப் பங்கிட்டு, பத்தை உருக்கி, இருபதை விற்று, எஞ்சியதை இடம் சொல்லாமல் கைமாற்றினால், நாமும் அதே சிதைவைச் செய்கிறோம். அன்று செல் அரித்தது. இன்று நாம் அரிக்கிறோம். எத்தனையோ புதையல்கள் தட்டாரின் குகைக்குள் சென்று கொலுசாகவும் அரைஞாணாகவும் ஆயின. அவற்றின் பட்டியல் இனி எவராலும் எழுத இயலாது.

சட்டமும் இதில் தெளிவாகவே உள்ளது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும். கண்டெடுத்தவர்க்கும் நிலவுடைமையாளர்க்கும் உரிய பங்கினையும் அச்சட்டமே வகுத்துள்ளது. அரசு எடுத்துக்கொள்வதாயின் அதற்கு விலை தரும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், நூறாண்டுக்கு மேற்பட்ட காசுகளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்புவதைத் தடைசெய்கிறது. அச்சத்தால் உருக்குவோர் பலர், அறிந்தால் உருக்கமாட்டார்கள். அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் நாவும் எழுத்தும் நம்மிடம் உள்ளன.

நிறைவாக ஒரு காசு பற்றிக் கூறி அமைகிறேன். கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சேரர் வெள்ளிக்காசுகளை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து வெளியிட்டார். அவற்றுள் ஒன்றில் உரோமக் காசின் சாயலில் பக்கவாட்டு முகம். அதன்மேல் தமிழ்-பிராமியில் 'மாக்கோதை' என்னும் பெயர். அயலாரின் காசைக் கண்டு எழுத்தைச் சிதைத்துப் படியெடுத்தவனும் இம்மண்ணில் இருந்தான். அதன் அமைப்பை உள்வாங்கிக்கொண்டு தன் பெயரைத் தன் எழுத்தில் பொறித்தவனும் இருந்தான். பிறமொழி இலக்கியத்தை எதிர்கொள்ளும் நமக்கு இரு வழியும் திறந்தே உள்ளன. எந்த வழி தழைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் வட்டம் இரண்டாம் பத்தாண்டில் அடியெடுத்து வைக்கிறது. ஆண்டுக்கொரு முறையேனும் உறுப்பினர் அனைவரும் அருங்காட்சியகம் ஒன்றிற்குச் சென்று, காசுகளையும் கல்வெட்டுகளையும் நேரிற் கண்டு படிக்க வேண்டும் என்றும், நம் ஊர்களில் கிடைத்த பழம்பொருள்கள் பற்றி மூத்தோர் கூறுவனவற்றை இடப்பெயருடன் எழுதிவைக்கும் பதிவேடு ஒன்றைத் தொடங்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இனி மேடையில் 'உரோமக் காசு' என்று சொல்ல நேர்ந்தால், அது யாருடைய காசு, என்ன எடை, என்ன எழுத்து என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.